‘ரிவர்பரேட்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் சாட்டை

கேள்வி கேட்டவர் மூன்று சந்தேகங்களை ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறார். ஒரு நீதிமன்றத் தீர்ப்பு நாடு முழுவதும் ‘ரிவர்பரேட்’ ஆனது என்று ஆங்கில நாளிதழில் படித்தாராம். அகராதியைப் புரட்டினால் ‘எதிரொலி’ என்று போட்டிருக்கிறது. எதிரொலிக்குத்தான் ‘எக்கோ’ இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு என்பது முதல் சந்தேகம். சொல்லைப் பிரித்தால் ‘ரி’, ‘வெர்ப்’ என்று வருகிறது, ஆகவே ‘மறுபடி சொல்வது’ என்பதுதான் வேரா என்பது இரண்டாவது. ஒரு தீர்ப்பு எப்படி ஒலிக்கும் என்பது மூன்றாவது. கூர்ந்து பார்த்தால் அவர் கேட்பது ஒன்றுதான்: இந்த வினைச்சொல்லில் யார், யாரை, என்ன செய்கிறார்? அதைப் பிடித்துவிட்டால் மற்றவை தாமாக அவிழும்.

கல்லூரியில் ஆங்கில மொழி வரலாறு என்ற தாளை நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். லத்தீன் எனக்கு அகராதியும் இலக்கண நூலும் பக்கத்தில் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நொண்டும். ஒலியியல் என் துறையே இல்லை. சொல்லின் பின்னால் போனபோது படித்துத் தெரிந்துகொண்டதுதான். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அதே ஊகத்தைச் சொல்வார். நல்ல ஊகம்தான், ஆனால் தவறு. இலக்கணத்தில் வரும் ‘வெர்ப்’ லத்தீனின் ‘வெர்பும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘சொல்’ என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் ‘வேர்ட்’ அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ‘ரிவர்பரேட்’ வந்தது வேறு வீட்டிலிருந்து. லத்தீனில் ‘வெர்பெர்’ என்றால் சாட்டை, பிரம்பு, அடி. பெரும்பாலும் ‘வெர்பெரா’ என்று பன்மையில்தான் புழங்கியது. அதிலிருந்து ‘வெர்பெராரே’, அதாவது அடி, விளாசு. ரோமானிய நகைச்சுவை நாடகங்களில் எஜமானர்கள் அடிமைகளை ‘வெர்பெரோ’ என்று திட்டுவார்கள். ‘சவுக்கடிக்கென்றே பிறந்தவனே’ என்று அர்த்தம். அந்த ‘வெர்பெராரே’யோடு, ‘திரும்ப, எதிராக’ என்ற பொருள் தரும் ‘ரெ’ சேர்ந்து ‘ரெவெர்பெராரே’ ஆயிற்று: வந்ததை அடித்துத் திருப்பி அனுப்பு.

இதுவரை சொன்னதில் சந்தேகமே இல்லை. எந்த நல்ல சொற்பிறப்பு அகராதியும் இதைத்தான் சொல்லும். இதற்கு அடியில் தோண்டும்போதுதான் மண் கொஞ்சம் இளகும். சாட்டையைக் குறித்த ‘வெர்பெர்’ என்ற சொல்லும், ரோமானியர்கள் சடங்குகளில் பயன்படுத்திய இலைக்கொப்புகளைக் குறித்த ‘வெர்பேனா’ என்ற சொல்லும் ஒரே குடும்பம் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். வளையும் குச்சி என்பது இரண்டுக்கும் பொதுவான படம். அந்த ‘வெர்பேனா’தான் பிற்காலத்தில் ஒரு செடிக்குப் பெயராகி, தாவரவியலில் ஒரு குடும்பத்துக்கும் பெயரானது. நம் ஊர் வேலியோரத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் உண்ணிச்செடி அந்தக் குடும்பம்தான். லித்துவேனிய மொழியில் ‘விர்பஸ்’ என்றால் மிலாறு, ரஷ்ய மொழியில் ‘வெர்பா’ என்றால் ஒருவகை வில்லோ மரம். இவற்றையும் பக்கத்தில் வைத்து, ‘வளை, திருகு’ என்ற பொருளில் ஒரு மூல இந்தோ ஐரோப்பிய வேரை நிறுவுகிறார்கள். அகராதிகள் அந்த வேருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடும். ‘இது எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, நாங்கள் கணித்தது’ என்பது அந்தக் குறியின் பொருள். ஆங்கிலத்தில் வளைவதைக் குறிக்கும் ‘வார்ப்’ என்ற சொல்லையும் சிலர் இதே கூட்டத்தில் சேர்ப்பார்கள். அதன்மேல் நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ஆங்கிலத்துக்குள் முதலில் வந்தது ‘ரிவர்பரேஷன்’ என்ற பெயர்ச்சொல். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வழியாக வந்தது. அதைக் கையாண்ட ஆரம்பகால எழுத்தாளர்களில் ஒருவர் அந்த நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர், கையாண்ட இடம் ஒரு குசு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய கான்டர்பரி கதைகளில் சம்மனர், அதாவது திருச்சபை நீதிமன்றத்துக்கு ஆட்களை அழைக்கும் சேவகர், சொல்லும் கதையில், காணிக்கை கேட்டு நச்சரிக்கும் ஒரு துறவியிடம் நோயாளி ஒருவர், ‘தருகிறேன், ஆனால் உன் மடத்துச் சகோதரர்கள் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுத் தரவேண்டும்’ என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, துறவி கையை நீட்டியதும் ஒரு குசுவை விடுகிறார். கொதித்துப் போன துறவி ஊர்ப் பிரபுவிடம் முறையிடுகிறார். பிரபுவுக்குக் கோபம் வரவில்லை, இதை எப்படிச் சமமாகப் பங்கிடுவது என்ற கணக்குதான் மண்டையைக் குடைகிறது. அப்போது அவர் சொல்கிறார்: குசுவின் உறுமலானாலும் வேறெந்த ஓசையானாலும் அது காற்றின் ‘ரிவர்பரேஷன்’ அன்றி வேறில்லை, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தே போகும். அந்தக் காலத்துக் கல்விமான்கள் ஒலியைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து இதுதான்: அடிபட்ட காற்றே ஓசை. சாட்டை அங்கேயும் மறைந்து நிற்பதைப் பாருங்கள்.

வினைச்சொல் பரவலானது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆனால் அன்றைக்கு அது ஒலிக்கு மட்டும் உரிய சொல்லாக இல்லை. எது வந்து மோதினாலும் அதை அடித்துத் திருப்புவதற்கு இந்தச் சொல் பயன்பட்டது: வெளிச்சம், வெப்பம், தீச்சுவாலை. ஷேக்ஸ்பியரின் ட்ராய்லஸ் அண்ட் கிரெசிடா நாடகத்தில் யுலிசிஸ் பேசும் ஓர் இடம் இதற்கு நல்ல சாட்சி. தன் தகுதி இன்னதென்று ஒருவனுக்குத் தானாகத் தெரியாது, பிறருடைய கைதட்டலில் பார்த்துத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிறருக்கு இரண்டு உவமைகளை அடுத்தடுத்து அடுக்குகிறான். குரலைத் திருப்பி அனுப்பும் வளைவு மண்டபம் ஒன்று. சூரியனுக்கு எதிரே நின்று அதன் உருவத்தையும் சூட்டையும் திருப்பித் தரும் எஃகுக் கதவு இன்னொன்று. குரலும் வெயிலும் அடுத்தடுத்த வரிகளில் ஒரே காரியத்தைச் செய்கின்றன.

வெப்பத்துக்கு உரிய பொருள் இன்றும் சாகவில்லை. உலோகம் உருக்கும் உலைகளில் ‘ரிவர்பரேட்டரி’ உலை என்று ஒரு வகை உண்டு. அதில் நிலக்கரி ஒரு பக்கம் எரியும், தாது மறுபக்கம் தனியாகக் கிடக்கும், நடுவே ஒரு குட்டைச் சுவர். மேலே தாழ்வான வளைந்த கூரை. தீச்சுவாலை சுவரைத் தாண்டிப் போய்க் கூரையில் மோதும். கூரை அந்தச் சூட்டைத் தாதுவின் மேல் திருப்பி இறைக்கும். எரிபொருளும் தாதுவும் ஒன்றோடொன்று கலக்காது என்பதுதான் இதன் சூட்சுமம். நிலக்கரியின் அழுக்கு உலோகத்துக்குள் ஏறாமல் இருக்க இதைவிட எளிய வழி அன்றைக்கு இல்லை. வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பகுதியில் செம்பு உருக்கும் தொழில் வளர்ந்தது இப்படிப்பட்ட உலைகளால்தான். 1784இல் ஹென்றி கார்ட் காப்புரிமை பெற்ற இரும்புக் காய்ச்சும் முறையும் இந்த உலையை நம்பியதுதான். உலைக்கூடத்தில் எதிரொலிப்பது எதுவும் இல்லை. கூரை சூட்டை அடித்துத் திருப்புகிறது, அதனால் அந்தப் பெயர்.

வெளிச்சத்துக்கான பொருள் பிரெஞ்சில் இன்னும் தெருவிலேயே நிற்கிறது. அங்கே தெருவிளக்குக் கம்பத்துக்கு ‘ரெவெர்பேர்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தெருக்களில் தொங்கவிட்ட எண்ணெய் விளக்குகளில், வெளிச்சத்தைக் கீழ்நோக்கித் திருப்ப உலோகத் தகடு வைத்திருந்தார்கள். தகடு போய்விட்டது, எண்ணெய் போய்விட்டது, பெயர் மட்டும் மின்விளக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆங்கிலத்தில் ஒலிதான் இந்தச் சொல்லைத் தனதாக்கிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் இன்னும் இரண்டு வரிகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ட்வெல்ஃப்த் நைட் நாடகத்தில் வயோலா, ‘ரிவர்பரேட்’ மலைகளை நோக்கி உன் பெயரைக் கூவுவேன், காற்றில் வம்பளக்கும் அந்த வாயாடி, அதாவது எதிரொலி, ‘ஒலிவியா’ என்று கத்தும்படி செய்வேன் என்கிறாள். அங்கே சொல் வினையாக இல்லை, மலைக்கு அடைமொழியாக நிற்கிறது. கிங் லியரில் கென்ட், மெல்லிய குரலில் பேசுகிறவர்கள் எல்லாம் நெஞ்சு வெறுமையானவர்கள் இல்லை என்று சொல்லும்போது, ‘ரிவெர்ப்ஸ்’ என்று வாலை நறுக்கி ஒரு வினையை உருவாக்குகிறான். காலிப் பாத்திரம்தான் முழங்கும் என்பது அங்கே கருத்து. இன்றைக்கு ஒலிப்பதிவுக்கூடத்தில் ‘ரிவெர்ப் கொஞ்சம் குறைங்க’ என்று சொல்கிறவர்கள் கென்டிடமிருந்து அதைக் கற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ‘ரிவர்பரேஷன்’ என்ற நீளமான சொல்லை வேலை அவசரத்தில் வெட்டியதுதான் அது. ஒரே இடத்தில் இரண்டு முறை கத்தரி விழுந்திருக்கிறது.

இனி முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். ‘எக்கோ’ கிரேக்கச் சொல். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் எக்கோ ஒரு வனதேவதை. தேவர்களின் ராணி ஜூனோவின் சாபத்தால் அவளால் தானாகப் பேச்சைத் தொடங்க முடியாது, பிறர் பேசியதன் கடைசிச் சொற்களை மட்டும் திருப்பிச் சொல்ல முடியும். ஆக, ‘எக்கோ’வின் கருவில் இருப்பது ஒரு வாய், அது கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறது. ‘ரிவர்பரேட்’டின் கருவில் இருப்பது ஒரு சுவர், அது வந்ததை அடிக்கிறது. நீங்கள் ‘மறுபடி சொல்வது’ என்று ஊகித்தீர்களே, அந்தப் பொருளுக்கு உரிமை உள்ளவள் எக்கோதான். இதனால்தான் ஒருவர் தன் தலைவரின் கருத்தையே திருப்பிச் சொன்னால் ஆங்கிலத்தில் அவர் அதை ‘எக்கோ’ செய்தார் என்று எழுதலாம், ‘ரிவர்பரேட்’ செய்தார் என்று எழுதக்கூடாது. மாணவர்களின் விடைத்தாளில் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படும். ‘ரிவர்பரேட் பேக்’ என்று எழுதுவதும் வேண்டாத வேலை. ‘திரும்ப’ என்பது சொல்லின் தலையிலேயே இருக்கிறது.

இந்த இலக்கிய வேறுபாட்டோடு இயற்பியலின் வேறுபாடும் ஒத்துப்போவது அழகான தற்செயல். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்பப் பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகும். அந்த இடைவெளி இருந்தால் காது அதைத் தனி ஓசையாகப் பிரித்துக் கேட்கும், அதுதான் எதிரொலி. பிஜப்பூர் கோல்கும்பஸின் மாடத்தில் ஒருமுறை கைதட்டினால் பல கைதட்டல்கள் தனித்தனியாகத் திரும்பி வருவது இந்த வகை. சுவர்கள் நெருக்கமாக இருந்து, ஓசை அங்கும் இங்கும் மோதி, நூற்றுக்கணக்கான பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பி, முன் ஓசை அடங்குவதற்குள் பின் ஓசை வந்து, மெல்லத் தேய்ந்தால் அது ‘ரிவர்பரேஷன்’. பள்ளிப் பாடநூலில் ‘எதிர்முழக்கம்’ என்று போட்டிருப்பது இதைத்தான். ஜமக்காளம்கூட விரிக்காத காலிக் கல்யாண மண்டபத்தில் பேசிப் பாருங்கள், பேச்சு கொழகொழவென்று நீளும். அதே மண்டபம் முகூர்த்தத்தன்று நிரம்பியபின் அப்படிக் கேட்காது. ஆட்களும் துணியும் ஓசையைக் குடித்துவிடும்.

அந்தக் குடிப்பைக் கணக்குப் போட்டவர் வாலஸ் சபின். ஹார்வர்டில் இளம் இயற்பியல் ஆசிரியர். 1895இல், ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை, சரி செய்யுங்கள் என்று பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். அங்கே ஓர் ஓசை எழுந்தால் அடங்குவதற்கு ஐந்தரை வினாடி ஆயிற்று. பேராசிரியர் பத்தாவது சொல்லுக்குப் போனபோதும் முதல் சொல் காற்றில் இருந்தது. சபின் இரவில், ஊர் அடங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழலையும் நிறுத்துக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த சான்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஓசை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பி வைக்கவேண்டும். கிடைத்த விதி எளிமையானது: அறையின் கன அளவு கூடினால் ஓசை நீடிக்கும், உறிஞ்சும் பொருள் கூடினால் சுருங்கும். அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக் கட்டிய அரங்கம்தான் 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால். ஓசை பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய எடுக்கும் நேரத்தை இன்றும் ‘ரிவர்பரேஷன்’ நேரம் என்கிறார்கள். இதற்கு எதிர்முனையில் இருப்பது ஸ்காட்லாந்தின் இன்ச்சின்டவுனில், இரண்டாம் உலகப் போரை ஒட்டி மலைக்குள் கட்டிய ராட்சத எண்ணெய்த் தொட்டி. அங்கே ட்ரெவர் காக்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் வெற்றுத் தோட்டா சுட்டு அளந்தபோது, 125 ஹெர்ட்ஸ் அளவிலான கனத்த ஓசை அடங்க 112 வினாடி ஆயிற்று.

சாசரின் பிரபு ‘கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தே போகும்’ என்று சொன்னதைத்தான் சபின் கடிகாரத்தால் அளந்தார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் பிரபு சொன்னது எல்லா ஓசைக்கும் பொதுவாக, சபின் அளந்தது அறைக்குள் மிச்சமிருக்கும் ஓசையை. இரண்டையும் ஒன்றாக்கினால் வகுப்பில் கைதட்டல் கிடைக்கும், உண்மை கொஞ்சம் அடிபடும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள் இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ‘ரெசவுண்ட்’, ‘ரெசொனேட்’ இரண்டும் லத்தீனின் ஒரே வினையிலிருந்து வந்தவை. முன்னது பிரெஞ்சு வழியாக இடைக்காலத்திலேயே வந்தது, பின்னது 19ஆம் நூற்றாண்டில் நேராக லத்தீனிலிருந்து எடுத்தது. சாசர் காலத்தில் ‘சவுண்ட்’ என்ற சொல்லுக்கே கடைசி ‘ட்’ கிடையாது, ‘சூன்’தான்; வால் பிற்பாடு ஒட்டியது. ‘ரெசவுண்ட்’ என்றால் இடம் முழுக்க ஓசை நிறைவது. ‘ரெசொனேட்’ இயற்பியலில் ஒத்ததிர்வது, பேச்சுவழக்கில் ‘என் மனசுக்கு ஒத்துப்போகிறது’ என்பது. இவற்றில் எதிலும் அடி கிடையாது.

மூன்றாவது சந்தேகத்துக்குத் திறவுகோல் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஆரம்பத்தில் சுவர்தான் எழுவாய்: சுவர் ஓசையை ‘ரிவர்பரேட்’ செய்தது. பிறகு ஓசையே எழுவாயாகி, மண்டபம் நெடுக ‘ரிவர்பரேட்’ ஆயிற்று. அப்புறம் இடம் எழுவாயானது: மண்டபம் சிரிப்பால் ‘ரிவர்பரேட்’ ஆயிற்று. முதல் அமைப்பு இன்று பழம்பாணி, மற்ற இரண்டும் தாராளமாகப் புழங்குகின்றன. ஓசை எழுவாயாகிவிட்டால் அந்த இடத்தில் ஓசை இல்லாத ஒன்றையும் உட்காரவைக்கலாம்: செய்தி, கொலை, வங்கி திவால், தீர்ப்பு. இதே வழியில் போன இன்னொரு சொல் ‘ரிபர்கஷன்’. மிருதங்கத்தைப் ‘பெர்கஷன்’ வாத்தியம் என்கிறோமே, அதே ‘தட்டு’ என்ற வேர். ‘திரும்பத் தட்டு’ என்பது இன்று ‘பின்விளைவு’ ஆகிவிட்டது. அடி வாங்கித் திரும்புவது விளைவாக மாறுவது ஆங்கிலத்துக்குப் பழகிய பாதை.

ஆகவே நாளிதழ் எழுதியது சரிதான். இன்னொரு நீதிமன்றமும் அதே முடிவைச் சொல்லியிருந்தால் அது முதல் தீர்ப்பை ‘எக்கோ’ செய்தது என்று எழுதியிருப்பார்கள். தீர்ப்பின் தாக்கம் ஊர் ஊராகப் போய் மோதி, மோதிய இடத்திலெல்லாம் மறு தாக்கம் எழுந்தது என்பதற்குத்தான் ‘ரிவர்பரேட்’. தமிழில் அந்த வாக்கியத்தை எழுதவேண்டுமென்றால் ‘எதிரொலித்தது’ என்று போட்டாலும் குற்றமில்லை, நம் செய்தித்தாள்களில் அது இரண்டுக்கும் பழகிப்போயிற்று. எனக்கென்னவோ ‘நாடெங்கும் அதிர்வலைகளை எழுப்பியது’ என்பது இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அதில் மோதலாவது மிஞ்சும்.